ஆம், இல்லை மட்டுமே பதிலாக வரும் புதிர்களில் எப்படிக் கேள்வி கேட்பது?

நீங்கள் சொல்வது லேட்டரல் திங்கிங் புதிர்களை என்று எடுத்துக்கொள்கிறேன். ஒருவர் விசித்திரமான ஒரு சம்பவத்தை இரண்டு வரியில் சொல்வார், மற்றவர்கள் கேட்டுக் கேட்டு நடந்ததைக் கண்டுபிடிக்க வேண்டும், அவரோ ஆம், இல்லை, சம்பந்தமில்லை என்பதற்கு மேல் வாய் திறக்கமாட்டார். (லேட்டரல் திங்கிங் என்ற பெயர் 1967இல் எட்வர்ட் டி போனோ வைத்தது. ஜப்பானில் இந்த விளையாட்டுக்கு, அங்கே பிரபலமான ஒரு புதிரை வைத்து, 'கடலாமை சூப்' என்றே பெயர்.)

பழைய புதிர் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஒருவன் பாருக்குள் வந்து தண்ணீர் கேட்கிறான், கவுன்ட்டரில் இருப்பவர் துப்பாக்கியை எடுத்து நீட்டுகிறார், வந்தவன் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். ஏன்?

உடனே எல்லோரும் "அவன் திருடனா?" என்று கேட்பார்கள். அது கேள்வியே இல்லை, விடையை ஊகித்துப் பார்ப்பது. இல்லை என்று வந்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. "இருவருக்கும் முன்பே பழக்கம் உண்டா?" என்று கேளுங்கள், எந்தப் பதில் வந்தாலும் லாபம், இல்லை என்றால் பகை, கடன், பழிவாங்கல் எல்லாம் ஒரே அடியில் கழிந்துவிடும். ஒருவர் மனதில் நினைத்த பொருளை ஆம், இல்லை பதில்களை வைத்துக் கண்டுபிடிக்கும் 20 கேள்வி விளையாட்டின் கணக்கும் இதுதான்: ஒவ்வொரு கேள்வியும் மிச்சமிருப்பதைச் சரிபாதியாக வெட்டினால் 10,48,576 பொருள்களில் ஒன்றைக்கூடப் பிடித்துவிடலாம்.

அப்புறம் இன்னொரு தவறு, புதிர் சொல்லாததை நாமாகச் சேர்த்துக்கொள்வது. வேறொரு புதிரைப் பாருங்கள்: ரோமியோவும் ஜூலியட்டும் தரையில் செத்துக் கிடக்கிறார்கள், சுற்றிலும் தண்ணீரும் கண்ணாடித் துண்டுகளும். இதில் விஷமா, கொலையா என்று எத்தனை நேரம் கேட்டாலும் நகராது, "அவர்கள் மனிதர்களா?" என்று யாராவது கேட்கும்வரை. (தொட்டி உடைந்து செத்த மீன்கள்.) அதனால் கதையில் வரும் ஒவ்வொரு ஆளையும் பொருளையும் ஒரு தடவை சந்தேகப்பட்டுவிடுங்கள்.

பார் கதைக்கு வருவோம். "கோபத்தில் சுடத்தானே எடுத்தார்?" என்பதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, இல்லை என்று வந்தால் எது இல்லை என்று தெரியாது. பிரித்துக் கேட்டால் வேலை நடக்கும். கோபமா? இல்லை. சுடும் எண்ணமா? இல்லை. துப்பாக்கியில் குண்டு இருந்ததா? சம்பந்தமில்லை. இந்த மூன்றாவது பதில் வந்தால் கேள்வி வீணாகிவிட்டது என்று பலர் தள்ளிவிடுகிறார்கள், எனக்கு அதுதான் மிகவும் பிடித்த பதில், ஏனென்றால் ஒரு திசையையே அடைத்துக் கொடுக்கிறது. குண்டு முக்கியமில்லை என்றால் துப்பாக்கியைப் பார்த்த அதிர்ச்சிதான் முக்கியமா? ஆம். வந்தவனுக்குத் தாகமா? இல்லை.

இந்த இடத்தில் சிக்கிக்கொண்டால் புதுக் கேள்வி தேடாதீர்கள், உறுதியானதை மட்டும் வரிசையாகச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். தாகமே இல்லாதவன் தண்ணீர் கேட்டான், அவனை வேண்டுமென்றே திடுக்கிட வைத்தார்கள், அதற்கப்புறம் அவனுக்குத் தண்ணீர் தேவைப்படவில்லை, நன்றி வேறு சொன்னான். தண்ணீர் குடித்தாலும் நிற்கும், திடுக்கிட்டாலும் நிற்கும் என்று நம் வீடுகளில் சொல்வது எதை? விக்கல்.