மூன்று வகுப்பு, ஓர் அறை, ஒரு டீச்சர்: மே மாதத்தில் எதைச் செய்து வைப்பது?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாக இருக்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று என மூன்று வகுப்பும் ஒரே அறையில். மொத்தம் 26 பிள்ளைகள். நான்கையும் ஐந்தையும் தலைமை ஆசிரியர் பார்த்துக்கொள்கிறார். போன கோடை விடுமுறை முழுக்கச் சார்ட் எழுதிச் சுவரெல்லாம் ஒட்டினேன். ஆனால் ஜூனில் ஒன்றாம் வகுப்போடு உட்கார்ந்தால் மூன்றாம் வகுப்பு கூச்சல் போட்டது. மூன்றாம் வகுப்புக்குப் போனால் ஒன்றாம் வகுப்பு அழுதது. இந்த விடுமுறையில் எதைச் செய்து வைத்தால் அந்தத் திணறல் குறையும்? கைக்காசு அதிகம் செலவழிக்க முடியாது. வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

பதில்: முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு மணி நேரப் பாடவேளையில் மூன்று வகுப்புக்கும் சமமாக நேரம் கொடுத்தால், ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம் கிடைக்கும். மீதி 40 நிமிடம் அந்தப் பிள்ளைகள் நீங்கள் இல்லாமல் இருக்கிறார்கள். நாம் விடுமுறையில் தயார் செய்வதெல்லாம் பெரும்பாலும் அந்த 20 நிமிடத்துக்குத்தான்: சார்ட், மாதிரிகள், பாடக் குறிப்பு. அந்த 20 நிமிடத்தை நீங்கள் கையில் சாக்பீஸ் மட்டும் இருந்தாலே சமாளித்துவிடுவீர்கள். திணறல் வந்தது மற்ற 40 நிமிடத்தில். ஆகவே இந்த மே மாத உழைப்பை அங்கே போடுங்கள். நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது பிள்ளை தன் கையால் எடுத்து, தானே செய்து, சரியா தப்பா என்று தானே பார்த்து, திருப்பி வைக்கக்கூடிய வேலைகள் வேண்டும்.

இது புது யோசனை ஒன்றுமில்லை. ஆந்திராவின் ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான அட்டை முறையைப் பார்த்துத்தான் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரவியது. அந்த முறையின் மீது ஆயிரம் குறை சொல்லலாம். அட்டைகள் கிழிந்தன, எந்த அட்டைக்குப் பின் எது என்று காட்டும் ஏணிப்படி பல ஆசிரியர்களுக்கே குழப்பமாக இருந்தது. ஆனால் பல வகுப்பை ஒருவரே பார்க்கும் பள்ளியில் பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதை அது சரியாகவே பிடித்திருந்தது. உங்கள் பீரோவின் அடித்தட்டில் அந்தப் பழைய அட்டைகள் இன்னும் கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். பாதியாவது உதவும்.

தமிழுக்கு என்ன செய்யலாம் என்று பார்ப்போம். 247 எழுத்துக்கும் அட்டை வெட்ட உட்காராதீர்கள். அங்கேதான் எல்லோருடைய விடுமுறையும் தீர்ந்துபோகிறது. ஏழே அட்டைகளில் தொடங்குங்கள்: ப இரண்டு, ப், ட, ட், ம, ம் ஒவ்வொன்று. இவற்றை வைத்து படம், மடம், பட்டம், மட்டம், பப்படம் என்று ஐந்து சொற்களை ஒரு பிள்ளை அடுக்கலாம். பா, மா என்று இரண்டு அட்டை சேர்த்தால் பாடமும் மாடமும் வந்துவிடும். இந்த ஒன்பதும் ஒரு கவருக்குள். கவரின் உள்மடிப்பில் ஏழு சொற்களையும் எழுதிவிடுங்கள். அடுக்கி முடித்த பிள்ளை மடிப்பைத் திறந்து தானே சரிபார்க்கும். விடை பைக்குள்ளேயே இருந்தால் பார்த்துச் செய்துவிடாதா என்று கேட்பீர்கள். பார்த்துச் செய்யட்டுமே! ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு சொல்லைப் பார்த்து அதே எழுத்துகளைத் தேடி அடுக்குவதும் படிப்புதான். ‘டீச்சர், இது சரியா?’ என்று 26 பேரும் உங்களைச் சுற்றி நிற்காமல் இருப்பது அதைவிடப் பெரிய லாபம்.

அடுத்த கவரில் வேறு நான்கு எழுத்து. மே முடிவதற்குள் எட்டுக் கவர் தயாரானால் முதல் பருவத்தின் பாதிக்கு மேல் தாங்கும். அட்டைக்குக் காசு வேண்டாம். கல்யாணப் பத்திரிகைகள் போதும். அதைவிட நல்ல கெட்டி அட்டை கடையில் விலைக்குக்கூடக் கிடைக்காது. வெறுமையாக இருக்கும் பின்பக்கத்தில் கறுப்பு மார்க்கரால் பெரிதாக எழுதுங்கள். எழுத்தின் கீழே ஒரு கோடு இழுத்துவிடுங்கள், இல்லையென்றால் ட-வைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு யோசிப்பார்கள்.

இரண்டாம், மூன்றாம் வகுப்புக்குச் சொல் அடுக்குவது சீக்கிரம் சலிக்கும். அவர்களுக்கு நான்கு வரிக் கதையை வரி வரியாக வெட்டிக் கவரில் போடுங்கள். வரிசைப்படுத்தி நோட்டில் எழுத வேண்டும். சிறுவர் இதழிலிருந்தோ நாளிதழின் சிறுவர் பக்கத்திலிருந்தோ எடுத்துக்கொள்ளலாம். பழைய பாடப்புத்தகங்கள் இருந்தால் இன்னும் நல்லது, எழுத்து பெரிதாக இருக்கும்.

கணிதத்துக்கு ஈர்க்குச்சியும் புளியங்கொட்டையும். இப்போதுதான் புளி உடைத்து முடித்திருப்பார்கள், கொட்டை எந்த வீட்டில் கேட்டாலும் கிடைக்கும். கழுவி நன்றாகக் காய வைத்துவிடுங்கள், பூச்சி அரிக்காது. ஒன்றாம் வகுப்புக்கு எண்ண அது போதும். ஈர்க்குச்சியை விரல் நீளத்துக்கு ஒடித்து, முனையைத் தரையில் தேய்த்து மழுக்கி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு வையுங்கள். முப்பது கட்டும் அதுபோகக் கொஞ்சம் உதிரிக் குச்சியும் இருந்தால் ஒரே நேரத்தில் ஐந்தாறு பேர் செய்யலாம்.

34-இலிருந்து 18-ஐக் கழிக்கும்போது ‘நாலிலிருந்து எட்டு போகாது, பக்கத்து வீட்டில் கடன் வாங்கு’ என்று சொல்லித் தருகிறோம். மூன்றாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு யார் யாரிடம் கடன் வாங்கினார்கள் என்றே புரிவதில்லை. குச்சியில் செய்ய விடுங்கள். கையில் மூன்று கட்டும் நான்கு உதிரியும் இருக்கின்றன. எட்டு எடுக்க உதிரி போதவில்லை. ஒரு கட்டின் ரப்பரைக் கழற்ற வேண்டும். இப்போது இரண்டு கட்டு, பதினான்கு உதிரி. எட்டு உதிரியையும் ஒரு கட்டையும் எடுத்துத் தள்ளினால் மீதி ஒரு கட்டு, ஆறு உதிரி. ரப்பரைத் தன் கையால் கழற்றிய பிள்ளைக்கு, மேலே இருக்கும் 3 ஏன் 2 ஆனது என்று மறுபடி விளக்க வேண்டியிருக்காது. இப்படி இருபது கணக்குகளை இருபது துண்டுக் காகிதத்தில் எழுதி, பின்பக்கம் விடை எழுதி, குச்சியோடு ஒரே டப்பாவில் போட்டு வையுங்கள். இது மட்டும் மூன்றாம் வகுப்பை இரண்டு வாரம் ஓட்டும்.

இந்தக் கவரும் டப்பாவும் பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் திறந்தபடி இருக்க வேண்டும். பீரோவில் பூட்டி, ஒவ்வொரு முறையும் நீங்கள் எடுத்துக் கொடுப்பதாக இருந்தால் செய்த வேலை வீண். தொலையும்தான். ஆறு மாதத்தில் மூன்றில் ஒரு பங்கு தொலையும் என்று முதலிலேயே மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். காசு போட்டு வாங்காததால் வயிறு எரியாது.

சுவர் விஷயத்துக்கு வருவோம். செயல்வழிக் கற்றல் காலத்தில் பல பள்ளிகளில் சுவரின் அடியில் சுற்றிலும் கீழ்மட்டக் கரும்பலகை அடித்தார்கள். உங்கள் அறையிலும் வெள்ளைக்குக் கீழே அது மறைந்திருக்கலாம். அதை மீட்டெடுங்கள், இல்லையென்றால் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு ஒரு பக்கச் சுவரில் மட்டுமாவது கரும்பலகைப் பெயிண்டு அடியுங்கள். இதற்குப் பள்ளி மானியத்தில் இடம் உண்டா என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். பெயிண்டு நன்றாகக் காய்ந்ததும் சாக்பீஸைப் படுக்கப் பிடித்துப் பலகை முழுக்கத் தேய்த்து ஒருமுறை துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முதலில் எழுதிய எழுத்து அழியாமல் நிழலாக நிற்கும். கோவை இலையும் கரியும் அரைத்துப் பூசிய காலம் உங்கள் தலைமை ஆசிரியருக்கு நினைவிருக்கும், அவசரத்துக்கு அதுவும் கைகொடுக்கும். ஆளுக்கு ஓரடி அகலம் பிரித்து, மேலே பெயர் எழுதிவிடுங்கள். தனக்கென்று சுவரில் ஓர் இடம் இருக்கிற பிள்ளை அதை விட்டு எழுந்து போக அவ்வளவு லேசில் சம்மதிக்காது.

போன வருடச் சார்ட்டுகளைக் கழற்ற வேண்டாம். ஆனால் புதிதாக எழுதாதீர்கள். உங்கள் கண் மட்டத்தில் இருப்பதைப் பிள்ளைகள் கண் மட்டத்துக்கு இறக்கினாலே போதும். ஒரே ஒரு புது சார்ட் வேண்டுமானால் 26 பேரின் பெயர்ப் பட்டியல் எழுதுங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஆசைப்பட்டு முதலில் படிக்கும் சொல் தன் பெயர், இரண்டாவது தன் சிநேகிதியின் பெயர்.

ஒன்றாம் வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்களின் பெயர்களைத் தெரிந்துகொள்ள ஒரு முறை அங்கன்வாடிக்குப் போக வேண்டும். ஜூலை 31-க்குள் ஐந்து வயது முடிகிற பிள்ளைகள் யார் யார் என்று அங்கே பட்டியல் இருக்கும். அதோடு நிறுத்தாமல் அங்கன்வாடி டீச்சரிடம் கொஞ்ச நேரம் பேசுங்கள். யார் இடது கைக்காரர், யாருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை, யார் பாட்டியோடு இருக்கிறார், யார் வேலைக்குப் போன பெற்றோரோடு பெங்களூரு பக்கம் போய்விட்டுத் தாமதமாக வருவார் என்பதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது, அவருக்குத் தெரியும்.

தெலுங்கு பேசும் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தளி, கெலமங்கலம் பக்கம் இது புதிதல்ல, கன்னடம் பேசும் பிள்ளைகளும் கலந்திருப்பார்கள். வகுப்பறையில் தினமும் சொல்லும் ஒரு முப்பது நாற்பது சொற்களை அவர்கள் பேச்சில் ஊர்க்காரரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: தண்ணீர், சாப்பாடு, ஒண்ணுக்குப் போகணும், வயிறு வலிக்குது, உட்காரு, சொல்லு. புத்தகத் தெலுங்கு வேண்டாம், அந்த ஊர்த் தெலுங்கு வேண்டும். காலை உணவு சமைக்கும் மகளிர் குழுவில் யாராவது அந்த மொழி பேசுபவராக இருப்பார். முதல் மாதம் அவரே உங்களுக்கு உற்ற துணை. ஒன்றை மட்டும் கறாராகச் சொல்கிறேன்: தமிழ் பேசத் தயங்குவதை வைத்து அந்தப் பிள்ளையை அரும்பு என்ற தொடக்க நிலையில் போட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள். கணக்கில் அவர் மலர் என்ற மேல் நிலையில் இருக்கலாம். குச்சியைக் கையில் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் தொடங்கியதிலிருந்து பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைப்பது உங்களுக்குப் பழக்கம்தான். இதில் ஒரு விஷயம். போன ஏப்ரல் நிலையை வைத்து ஜூனில் குழு பிரிக்காதீர்கள். வெயிலில் ஒரு மாதத்துக்கு மேல் மாடு மேய்த்து, பாட்டி வீட்டில் ஆடித் திரிந்து வருகிற பிள்ளை கொஞ்சம் மறந்துதான் வரும். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுப் பத்துச் சொல் படிக்கச் சொல்லி, இரண்டு கணக்குச் செய்யச் சொல்லிப் பார்க்க ஒரு தாள் இப்போதே எழுதி வையுங்கள். செயலியில் பதிவேற்றும் மதிப்பீடு வரும்போது வரட்டும், இது உங்களுக்காக.

ஆசிரியர் பயிற்சி எப்போது என்று வட்டார வள மையத்திலிருந்து செய்தி வரும், அதைச் சுற்றி உங்கள் திட்டத்தைப் போடாதீர்கள். வீடியோக்கள் காட்டுவதாக இருந்தால் ஊரிலேயே பதிவிறக்கி வைத்துவிடுங்கள், மலைப்பக்கம் சிக்னலை நம்ப முடியாது. வாசிப்பு இயக்கத்தில் வந்த நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு வாசிப்பு நிலைப் புத்தகங்கள் தலைமை ஆசிரியர் அறையில் இருந்தால் சிலவற்றைக் கேட்டு வாங்கி, உங்கள் அறையில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். பெரிய வகுப்புக்காக வந்தவைதான். நுழையும் நடவும் மூன்றாம் வகுப்புக்குத் தாராளமாகப் போகும்.

கடைசியாக, ஜூன் தொடக்கம். செய்து வைத்த எல்லாவற்றையும் முதல் நாளே கொட்டினால் பத்தே நிமிடத்தில் தரையெல்லாம் புளியங்கொட்டைதான். முதல் வாரம் புத்தகம், சீருடை கொடுப்பதிலும் சின்னப் பிள்ளைகள் அழுகையிலும் போகும், போகட்டும். அந்த வாரத்தில் ஒரே ஒரு டப்பாவை மட்டும் இறக்குங்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து நான்கு பேரைக் கூப்பிட்டு, எங்கிருந்து எடுப்பது, பாயில் எங்கே உட்காருவது, முடித்ததும் எண்ணிப் போட்டு எங்கே வைப்பது என்று அவர்களையே செய்து காட்டச் சொல்லுங்கள். பேசாமல் எடுத்து, பேசாமல் வைக்கும் வரை அதையே தினமும் செய்யுங்கள், சலிப்பாகத்தான் இருக்கும். காலை உணவு முடிந்து வழிபாட்டுக் கூட்டம் தொடங்குவதற்குள் ஒரு கால்மணி நேரம் பிள்ளைகள் சும்மா ஓடிக்கொண்டிருப்பார்களே, ஒத்திகைக்கு அதுவே சரியான நேரம். அது பழகியபின் இரண்டாவது டப்பா. ஜூன் கடைசியில் நான்கு டப்பா ஓடினால் போதும். மீதியை ஜூலையில் இறக்கலாம்.