வெய்யிலிலிருந்து வரும் இலையானுக்குக் கண் ஏன் இருட்டுவதில்லை?

கேள்வி: மாம்பழக் காலம் தொடங்கிவிட்டது. கறுத்தகொழும்பான் வெட்டி வைத்தால், முற்றத்து வெய்யிலில் நின்ற இலையான் நேரே எங்கள் இருட்டுக் குசினிக்குள் வந்து தட்டில் குந்துகிறது. அதே வெய்யிலிலிருந்து நான் உள்ளே வந்தால் கொஞ்ச நேரம் கண் தெரிவதில்லை. இலையானுக்கு இமையும் இல்லை, சுருங்கி விரியும் கண்மணியும் இல்லை. பிறகு எப்படி? (ஒரு வாசகி, சாவகச்சேரி)

பதில்: அதை மாம்பழத்திடம் இழுத்து வருவது பெரும்பாலும் வாசனைதான், ஆனால் தட்டு விளிம்பில் சரியாக இறங்கக் கண் வேண்டுமே, அதனால் கேட்க வேண்டிய கேள்விதான். உங்களுக்கு இருட்டுவதற்கு முக்கிய காரணம் வெய்யிலில் வெளிறிப்போன காட்சிப் புரதம் தேற நேரம் எடுப்பது. முழுதாகத் தேற அரை மணித்தியாலம் வரை ஆகலாம். இலையானின் காட்சிப் புரதமான ரொடொப்சின் அப்படி வெளிறுவதில்லை, ஒளி பட்டு மாறிய மூலக்கூறை இன்னொரு ஒளித்துகளே பழையபடி ஆக்கிவிடும். இது பாதிக் கதை. மீதிப் பாதி கல்சியம், எனக்கு மிகவும் பிடித்த பாதியும் அதுதான்.

இருட்டில் இலையானின் ஒளிவாங்கிக் கலத்துக்குள் கல்சியம் மிகக் குறைவு, வெளியே இருப்பது ஏறக்குறைய 10,000 மடங்கு. ஒளித்துகள் ஒன்று ரொடொப்சினில் பட்டால் ஒரு நொதியம் முடுக்கப்பட்டுக் கலமென்சவ்விலுள்ள ஒரு கொழுப்பை வெட்டும், அதைத் தொடர்ந்து அந்த மென்சவ்விலுள்ள டிஆர்பி எனப்படும் புரத வாயில்கள் திறந்து கல்சியமும் சோடியமும் உள்ளே பாயும், மூளைக்குப் போகிற சைகை அங்கேதான் தொடங்குகிறது. ஒற்றை ஒளித்துகளுக்கே இந்தக் கலம் பதில் சொல்லும். சரி, இவ்வளவு கூர்மையான கலம் உச்சி வெய்யிலில் என்ன பாடுபடும்? உள்ளே வந்த அதே கல்சியம் வாயிலை அடக்கும், கொழுப்பை வெட்டும் நொதியத்தையும் அடக்கும், வேலை முடிந்த ரொடொப்சினை நிறுத்தவும் உதவும். உள்ளே வந்த ஆளே கதவைச் சாத்துகிற மாதிரி. வெளிச்சம் கூடக் கூட ஒவ்வொரு ஒளித்துகளுக்குமான பதில் சிறிதாகும், விரைவாகவும் முடியும். வெளிச்சம் குறைந்ததும், சோடியத்தை உள்ளே எடுத்துக் கல்சியத்தை வெளியே தள்ளும் ஒரு புரதம் கலத்தைத் துப்புரவாக்க, கூர்மை திரும்பிவிடும்.

கண்மணி இல்லை என்றீர்களே, அதற்கு ஈடாகவும் ஒன்று உண்டு. 1969 இல் கிர்ஷ்ஃபெல்ட், ஃபிரான்செஸ்கினி என்ற ஆய்வாளர்கள் காட்டியது இது: வெளிச்சம் வந்ததும் கலத்துக்குள் சிதறிக் கிடக்கும் நிறத்துணிக்கைகள் சில விநாடிகளில் ஒளியை உறிஞ்சும் தண்டின் அருகே வந்து ஒட்டிக்கொண்டு ஒளியில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அவற்றை நகர்த்துவதும் கல்சியம் ஏறுவதுதான்.

கல்சியம் வராவிட்டால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். அதே 1969 இல் கோசென்ஸ், மானிங் என்ற ஆய்வாளர்கள் பழ ஈயில் ஒரு மரபணு விகாரத்தை விவரித்தார்கள். மங்கல் வெளிச்சத்தில் அந்த ஈ ஒழுங்காக நடமாடும், பிரகாசமான வெளிச்சம் தொடர்ந்து பட்டால் குருடு மாதிரி நடந்துகொள்ளும். டிஆர்பி வாயில் இல்லாததால் கல்சியம் போதிய அளவு உள்ளே வரவில்லை, நொதியத்தை அடக்க ஆளில்லை, அது கொழுப்பை வெட்டித் தீர்த்துவிட, கண் சைகை தருவதையே நிறுத்திவிடும். தடை இல்லாமல் போனால் கண் கூர்மையாகும் என்றுதான் யாரும் நினைப்போம், நடப்பது நேர்மாறு. அப்புறம் இன்னொன்று, எங்கள் மிளகாய்த்தூள் நாக்கை எரிக்கும்போது திறக்கிற வாயிலும் இந்த டிஆர்பி குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கேள்வி: அப்படியென்றால் கல்சியம் குளிசை போட்டால் எங்கள் கண்ணும் தெளியுமா? அம்மாவுக்குப் பின்னேரமானால் பார்வை மங்குகிறது. (ஒரு வாசகர், பருத்தித்துறை)

பதில்: தெளியாது. மனிதக் கண்ணிலும் கல்சியம்தான் வெளிச்சத்துக்கு ஏற்பக் கலத்தைச் சரிசெய்கிறது, ஆனால் தலைகீழாக: இருட்டில் வாயில்கள் திறந்திருந்து கல்சியம் உள்ளே வரும், வெளிச்சம் பட்டால் மூடும், அந்தக் குறைவுதான் கலத்தைப் பழக்குகிறது. இரத்தத்திலுள்ள கல்சியத்தை உடல் ஓர் ஒடுங்கிய எல்லைக்குள் வைத்திருப்பதால், குளிசையைக் கூட்டிப் போடுவதால் விழித்திரை கூர்மையாகாது. எலும்புக்காக வைத்தியர் தந்திருந்தால் அதற்காக எடுக்கட்டும். பின்னேர மங்கல் வேறு விஷயம், கண்புரையாக இருக்கலாம், விற்றமின் ஏ குறைவாகவும் இருக்கலாம். அம்மாவைத் தாமதிக்காமல் ஒரு கண் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.