மறைக்கல்வியை முடித்தவர்கள்

அன்புள்ள ஐயா,

உங்கள் எழுத்துகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எங்கள் பங்குக் கோவிலில் மறைக்கல்வி ஆசிரியையாக, அதாவது கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஞாயிறுகளில் விசுவாசப் பாடம் நடத்துபவளாக இருக்கிறேன். உறுதிபூசுதல் என்ற அருளடையாளத்துக்குத் தயாராகும் பிள்ளைகள் இப்போது என் வகுப்பில். வருடா வருடம் ஒரே கதைதான். ஆயர் வந்து உறுதிபூசுதல் கொடுத்துவிட்டுப் போன அடுத்த ஞாயிறே பாதிப் பேரைக் காணோம். பெற்றோர்கள் பிள்ளைகளை வாசலில் இறக்கிவிட்டு, வகுப்பு முடியும்வரை வண்டியில் உட்கார்ந்து கைபேசி பார்க்கிறார்கள்.

சில வாரங்களுக்கு முன் பேத்தியைக் கூட்டிவந்த ஒரு பெரியவர் தயங்கித் தயங்கி, "நானும் பின்னால உட்கார்ந்து கேட்கலாமா டீச்சர்?" என்றார். அன்று பாடம் திருப்பலியின் பகுதிகள். நடுவில் அவர் எழுந்து, "ஃபாதர் ஏன் இரசத்துல தண்ணி ஊத்துறாரு?" என்று கேட்டார். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சமாளித்தேன்.

இப்போது பங்குத்தந்தை புதிதாக ஒன்று சொல்கிறார். மாதத்தில் ஒரு ஞாயிறு வழக்கமான வகுப்புகளை விட்டுவிட்டு, சிறுவர் முதல் முதியவர் வரை எல்லாரும் சேர்ந்து கற்கலாம் என்கிறார். "சந்தைக்கடை ஆகிவிடும்" என்று பங்குப்பேரவையில் பலர் சிரிக்கிறார்கள். எனக்கும் பயம்தான். சிறுவர்களையே உட்காரவைக்க முடியாத நான் பெரியவர்களுக்கு என்ன சொல்லிவிடப் போகிறேன்? இது நடக்கக்கூடிய காரியமா?

இன்னொன்று. மறைக்கல்வித் தேர்வில் தேறாத பிள்ளைக்கு முதல் நற்கருணை, அதாவது திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தை முதல்முறையாக, கொடுக்கக் கூடாது என்று சிலர் பிடிவாதமாக இருக்கிறார்கள். உங்கள் கருத்தை அறிய ஆவல்.

ஒரு வாசகி
(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்தப் பெரியவரின் கேள்வி. வாக்குக் கொடுத்துவிட்டீர்கள், அதைத் தீர்த்துவிடுவோம். பழங்காலத்தில் மத்தியதரைக் கடல் நாடுகளில் திராட்சை இரசத்தைத் தண்ணீர் கலந்து குடிப்பதுதான் வழக்கம். இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் புனித யுஸ்தின் ஞாயிறு வழிபாட்டை விவரிக்கும்போதே அப்பம், இரசம், தண்ணீர் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்கிறார். அடுத்த நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியான் அதற்கு ஒரு பொருள் சொன்னார். இரசம் கிறிஸ்து, தண்ணீர் மக்கள். கலந்த பிறகு இரண்டையும் பிரிக்க முடியாது. குருவானவர் தண்ணீர் ஊற்றும்போது ஒரு செபமும் உண்டு. நமது மனித இயல்பில் பங்குகொண்ட கிறிஸ்துவின் இறை இயல்பில் நாமும் பங்குபெற வேண்டும் என்பது அதன் சாரம். அதை அவர் தணிந்த குரலில் சொல்வதால் நம் காதில் விழுவதில்லை.

அந்தப் பெரியவர் வாழ்நாள் முழுக்க இதைப் பார்த்திருப்பார். கேட்க ஓர் இடம் கிடைக்கவில்லை. கிடைத்த இடத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்கள் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். பெரியவர் ஒருவர் மறைக்கல்வியில் கேள்வி கேட்டு அவர்கள் பார்த்ததே இல்லை. இது சின்னப் பிள்ளைகள் படித்து முடிக்கிற விஷயம் என்று நாம்தான் அவர்களுக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறோம். வண்டியில் உட்கார்ந்திருக்கும் அப்பா அதை வாரா வாரம் வாய் திறக்காமலே போதிக்கிறார். அப்படியிருக்க, உறுதிபூசுதல் முடிந்ததும் பையன் வராமல் போனால் அதில் என்ன ஆச்சரியம்? அப்பாவைப் போல அவனும் படித்து முடித்துவிட்டான். அவ்வளவுதான்.

நாம் இந்த நிலைக்கு வந்துசேர்ந்ததற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1536-இல் மிலான் நகரில் கஸ்தெல்லீனோ என்ற குரு, ஞாயிறுகளிலும் திருநாள்களிலும் ஏழைப் பிள்ளைகளைக் கூட்டி மறைக்கல்வி நடத்தத் தொடங்கினார். கூடவே எழுதப் படிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். 1780-இல் இங்கிலாந்தின் குளொஸ்டர் நகரில் இராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளி தொடங்கியதும் அதே தேவைக்குத்தான். வாரத்தில் ஆறு நாளும் வேலை செய்த பிள்ளைகளுக்குப் படிக்க மிஞ்சியது ஞாயிறு மட்டும். எனவே பெஞ்சு, வகுப்பு, பாடப்புத்தகம் எல்லாம் அன்று அவசியமாக இருந்தன. பின்னாளில் எழுத்தறிவை ஊர்ப் பள்ளிக்கூடம் எடுத்துக்கொண்டது. நம்மிடம் பெஞ்சும் தேர்வும் பரிசளிப்பு விழாவும் தங்கிவிட்டன. பள்ளிக்கூடம் என்று இருந்தால் கடைசி வகுப்பு என்றும் ஒன்று இருக்குமல்லவா? உறுதிபூசுதல் அந்தக் கடைசி வகுப்பாகிவிட்டது. வேல்ஸ் நாட்டில் மட்டும் கதை கொஞ்சம் வேறு. அங்கே ஞாயிறு பள்ளிகளில் பெரியவர்களும் வந்து உட்கார்ந்தார்கள்.

திருச்சபையின் ஆவணங்களைக் கேட்டால் பங்குத்தந்தை பக்கம்தான் பேசும். 1971-இல் வந்த மறைக்கல்விப் பொது ஏடும், 1979-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எழுதிய மறைக்கல்வி மடலும், பெரியவர்களுக்கான மறைக்கல்வியே முதன்மை வடிவம் என்று சொல்லிவிட்டன. பெரிய பொறுப்புகளைச் சுமப்பவர்களும், நற்செய்தியை அதன் முழு வளர்ச்சியில் வாழக்கூடியவர்களும் அவர்கள்தான் என்று மடல் காரணமும் சொல்கிறது. நம் நடைமுறை மட்டும் தலைகீழாக இருக்கிறது.

இது புதுமையும் இல்லை. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்குத் திருப்பயணம் போன எகேரியா என்ற பெண் தான் பார்த்ததை எழுதிவைத்திருக்கிறார். தவக்காலத்தில் திருமுழுக்குப் பெற இருப்பவர்களுக்கு ஆயர் காலையில் மூன்று மணி நேரம் கற்பிக்கிறார். பக்கத்தில் அவர்களுடைய ஞானப்பெற்றோர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்றவர்களில் விருப்பமுள்ளவர்களும் வந்து மறுபடி கேட்கிறார்கள். உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பின் நடக்கும் விளக்கவுரைகளின்போது எழும் ஆரவாரம் கோவிலுக்கு வெளியே கேட்குமாம். நம் வகுப்பறைக்கு வெளியேயும் சத்தம் கேட்கத்தான் செய்கிறது, காரணம்தான் வேறு.

சரி, எப்படி நடத்துவது? முதலில் எதைச் செய்யக் கூடாது என்று சொல்கிறேன். பல பங்குகளில் "எல்லா வயதினருக்கும்" என்று அறிவிப்பார்கள்; போய்ப் பார்த்தால் பிள்ளைகள் நடனம் ஆடுவார்கள், பெரியவர்கள் கைதட்டிப் படம் எடுப்பார்கள். அதற்கு ஆண்டுவிழா என்று பெயர். அல்லது ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவார். குழந்தைகள் நெளியும், இளைஞர்கள் நழுவுவார்கள், முதியவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேரவைக்காரர்கள் பயப்படும் சந்தைக்கடையே இதைவிடத் தேவலாம்.

ஒரே நற்செய்திப் பகுதியை எல்லாருக்கும் வையுங்கள். பாடத்திட்டம் தேடி அலைய வேண்டாம். ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் மத்தேயு, மாற்கு, லூக்கா என்று ஏற்கெனவே வகுத்துவைக்கப்பட்டிருக்கின்றன. அடுத்த ஞாயிறுக்குரிய பகுதியை எடுத்தாலே போதும். எல்லாரும் சேர்ந்து வாசித்துச் செபியுங்கள். பிறகு அரை மணி நேரம் வயதுவாரியாகப் பிரியுங்கள். அதன்பின் எட்டு எட்டுப் பேராகக் கலந்து உட்காரவையுங்கள். ஒவ்வொரு குழுவிலும் சிறுவர், இளைஞர், பெற்றோர், முதியவர் இருக்க வேண்டும். அங்கே ஒரே ஒரு விதி: பெரியவர்கள் ஒரு கேள்வியாவது கேட்ட பிறகுதான் பதில் சொல்லலாம். இந்த விதி இல்லாவிட்டால் குழுவுக்கு ஒரு மறையுரை கிடைக்கும்.

எம்மாவு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள்: உயிர்த்த இயேசு, எம்மாவு ஊருக்குப் போய்க்கொண்டிருந்த சீடர் இருவரோடு வழியில் சேர்ந்து நடந்தார், அவர்களுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. இயேசு உடனே விளக்கம் சொல்லத் தொடங்கவில்லை. வழியில் என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்டார். அவர்கள் தங்கள் ஏமாற்றத்தையெல்லாம் கொட்டித் தீர்க்கும்வரை கேட்டுக்கொண்டு வந்தார். அதன் பிறகுதான் மறைநூல் விளக்கம், அதற்கும் பிறகு பந்தி. குழுவில் இதை வாசித்துவிட்டு, "ஏன் அவரை அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை?" என்று ஒரு தாத்தா உண்மையாகவே கேட்டால், எட்டு வயதுப் பிள்ளையிடமிருந்து ஒரு பதிலும் துணையை இழந்த பெண்ணிடமிருந்து வேறொரு பதிலும் வரும். ஒன்றைக் கேட்டு மற்றது வளரும். பாஸ்கா விழா பற்றி விடுதலைப் பயண நூலும் இந்த முறையைத்தான் சொல்கிறது: இந்த வழிபாட்டின் பொருள் என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள், பெற்றோர் விளக்க வேண்டும். பன்னிரண்டு வயதில் கோவிலில் போதகர்கள் நடுவே இருந்த இயேசுவும் கேட்டுக்கொண்டும் கேள்வி எழுப்பிக்கொண்டும்தான் இருந்தார். நம் வகுப்பில் கேள்வி ஆசிரியருடையது, பதில் பிள்ளையுடையது.

எல்லாவற்றையும் கலந்துவிட வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். பதினைந்து வயதுக்காரர்களுக்கு அப்பா அம்மா காதில் விழாமல் பேச ஓர் இடம் வேண்டும். கடவுள் இருக்கிறாரா என்று அம்மா முன்னால் எந்தப் பிள்ளை கேட்கும்? அவர்களுடைய வகுப்பை மற்ற ஞாயிறுகளில் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். படுக்கையில் இருக்கும் முதியவர்களையும் மறக்க வேண்டாம். அவர்களுக்கு நற்கருணை கொண்டுபோகிறவரோடு ஒரு குடும்பம் பிள்ளைகளுடன் போகட்டும். அதே நற்செய்திப் பகுதியை அங்கே வாசித்துவிட்டு வரட்டும். தொடக்கத் திருச்சபையைப் பற்றித் திருத்தூதர் பணிகள் சொல்லும்போது கற்பித்தலையும் நட்புறவையும் அப்பம் பிட்குதலையும் செபத்தையும் ஒரே மூச்சில் சொல்கிறது. நாம் நட்புறவை நிகழ்ச்சி முடிந்ததும் நின்று பேசும் பத்து நிமிடத்துக்குத் தள்ளிவிட்டோம்.

கண்டிப்பாகப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. வயது கலந்த கூட்டத்தில் எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு குழுவிலும் குறைந்தது இரண்டு பெரியவர்கள், கதவு திறந்த அறை, பிள்ளையை யார் அழைத்துப்போவார் என்ற குறிப்பு. "நம்ம பங்கு ஆள்தானே" என்று இதில் தாராளம் காட்ட வேண்டாம்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். ஏறக்குறைய 400-ஆம் ஆண்டில் கார்த்தேஜிலிருந்து தேயோகிராசியாஸ் என்ற திருத்தொண்டர் புனித அகுஸ்தினாருக்குக் கிட்டத்தட்ட உங்கள் கடிதத்தையே எழுதினார். கற்பிக்கும்போது எனக்கே சலிப்பாக இருக்கிறது, கேட்பவர்களுக்கு எப்படி இருக்குமோ என்று. அகுஸ்தினார் பதிலாக ஒரு சிறு நூலே எழுதினார். தன் பேச்சு தனக்கே பெரும்பாலும் பிடிப்பதில்லை என்றும், கேட்பவர்களுக்கு அது நாம் நினைக்கிற அளவுக்கு மோசமாக இருப்பதில்லை என்றும் ஆறுதல் சொல்கிறார். கேட்பவர் நின்று களைத்துக் கொட்டாவி விட்டால், கொஞ்சம் கலகலப்பாக ஏதாவது சொல், இல்லையென்றால் அவருக்கு ஓர் இருக்கை கொடு என்கிறார். எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு இடம்: நமக்குப் பழகிப்போன அழகான ஊரை முதல்முறை பார்க்கிறவருக்குச் சுற்றிக்காட்டும்போது, அவருடைய வியப்பில் நமக்கும் அது புதிதாகிறதே, கற்பிப்பதும் அப்படித்தான் என்கிறார். அந்தப் பெரியவரை முன் பெஞ்சுக்கு அழைத்தால் உங்களுக்கே இது தெரிந்துவிடும். யாராவது தூங்கினாலும் மனம் உடைய வேண்டாம். துரோவாவில் பவுல் நள்ளிரவு வரை பேசியதில் ஓர் இளைஞர் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்தே விழுந்தார். பவுல் இறங்கிப் போய் அவரை அணைத்து எழுப்பிவிட்டு, மேலே வந்து அப்பம் பிட்டு, விடியும்வரை பேச்சைத் தொடர்ந்தார்.

கடைசியாக, தேர்வு. அந்தக் காலத்தில் பல இடங்களில் பிள்ளைகளை முதல் நற்கருணைக்குப் பத்து, பன்னிரண்டு வயதுக்கு மேலும் காக்கவைத்தார்கள். 1910-இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் காலத்து ஆணை அதை மாற்றி, ஏறக்குறைய ஏழு வயது போதும் என்றது. கோட்பாடு முழுவதும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, நற்கருணை அப்பத்தைச் சாதாரண அப்பத்திலிருந்து பிரித்தறிந்தால் போதும் என்றும் தெளிவாகச் சொன்னது. அது தெரிகிறதா என்று பார்க்க மதிப்பெண் வேண்டாம். பிள்ளையோடு ஐந்து நிமிடம் பேசினால் போதும். தயாரிக்கும் பொறுப்பையும் திருச்சபைச் சட்டம் முதலில் பெற்றோரிடமும் பங்குத்தந்தையிடமும்தான் வைக்கிறது. பரிசு கொடுக்க ஆசைப்பட்டால் தேர்வு தாராளமாக நடக்கட்டும், நற்கருணைக்கு அதைச் சுங்கச்சாவடி ஆக்க வேண்டாம். அவர்கள் பிடிவாதம் பிடித்தால், அதே வினாத்தாளை அடுத்த பங்குப்பேரவைக் கூட்டத்தில் எல்லாருக்கும் ஒவ்வொன்று கொடுத்துப் பாருங்கள்.

அன்புடன்.