டென்னிஸை விட்டும் படபடப்பு விடவில்லை

வணக்கம் ஐயா,

எனக்கு 26 வயது, சொந்த இடம் யாழ்ப்பாணம். பள்ளிக்கூட வயதிலேயே டென்னிஸுக்காகக் கொழும்புக்குப் போனவன். அப்புறம் வெளிநாடுகளில் தொழில்முறைப் போட்டிகளின் அடிமட்டத்தில் சில வருடம் ஆடினேன். முதல் சுற்றில் தோற்றால் கிடைக்கிற காசு அறை வாடகைக்கே காணாது. அப்பா ஒரு துண்டுக் காணி விற்றுத்தான் அனுப்பினார்.

கடைசி வருடம் ஆட்டம் தொடங்க முன்னமே நெஞ்சு அடிக்கும், விரல் விறைக்கும். ஒருநாள் சர்வீஸ் போடப் பந்தை மேலே எறிந்தேன், கை எழும்பவில்லை, பந்து காலடியில் விழுந்தது. நடுவரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஈசிஜியில் ஒன்றுமில்லை.

இப்போது மாமாவின் கடையில் நிற்கிறேன். நாலு சனம் சேர்ந்தாலே அதே படபடப்பு. “தம்பி, இப்ப எந்த நாட்டிலை விளையாட்டு?” என்று யாரும் கேட்டுவிடுவார்களோ என்று நல்லூர்க் கோயில் பக்கமே போவதில்லை. விளையாட்டுக்காரனுக்கு என்ன மனவருத்தம் என்கிறார் அப்பா. நான் கோழையா ஐயா?

ஆலோசகரின் பதில்

தம்பி, இல்லை. நீங்கள் எழுதியிருப்பது பதகளிப்பு நோயின், அதாவது அளவு மீறிய பயமும் பதற்றமும் தரும் நோயின், அறிகுறிகள் போலத்தான் இருக்கிறது. அது வீரன், கோழை பார்த்து வருவதில்லை.

மார்டி பிஷ் என்ற அமெரிக்க டென்னிஸ் வீரரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றவர், 2011இல் உலகின் ஏழாம் இடம் வரை போனவர். அடுத்த வருடம் இதயத் துடிப்பு சீர்கெட்டு, அதற்குச் சிகிச்சையும் செய்தார்கள், ஆனால் பயம் மட்டும் போகவில்லை. அந்த வருட அமெரிக்க பகிரங்கப் போட்டியில் பெடரருடன் ஆட வேண்டிய அன்று, மைதானத்துக்குப் போகிற வழியிலேயே பீதி பிடித்துவிட்டது. ஆடாமல் விடலாமே என்று மனைவிதான் சொன்னார், விலகினார். பிறகு வீட்டை விட்டு வெளிக்கிடவே முடியாமல் கிடந்த மனிதர், சிகிச்சை எடுத்து 2015இல் அதே போட்டிக்கு வந்து, ஒரு சுற்று வென்று, அடுத்ததில் தோற்று, தானே விடைபெற்றார். பின்னாளில் நாடுகள் மோதும் டேவிஸ் கிண்ணப் போட்டிக்கான அமெரிக்க அணிக்குத் தலைவரும் ஆனார். நீங்களும் திரும்ப ஆட வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை, ஆடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஆனால் அந்த முடிவைப் பயம் எடுக்கக் கூடாது.

நல்லூருக்குப் போகாமல் விட்ட அன்று மனம் ஆறுதலாக இருந்திருக்கும், அந்த ஆறுதல்தான் பயத்துக்குத் தீனி. அதனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக வேண்டும். முதலில் சனம் குறைந்த நேரத்தில் கோயில் வீதியில் நடவுங்கள். நெஞ்சு அடித்தால் உடனே திரும்பாமல், மூச்சை மெதுவாக வெளியே விட்டபடி அங்கேயே நில்லுங்கள், அது உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும். யாராவது கேட்டால் “விட்டிட்டன் அண்ணை, இப்ப கடையிலை நிக்கிறன்” என்பது போதும், அதற்குமேல் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

யாழ் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் ஒருமுறை காட்டுங்கள். தைரொயிட்டும் பார்க்கச் சொல்லுங்கள், அதுவும் இப்படிப் படபடப்பைத் தரும். மருந்து தேவையா என்பதை அவர்கள் சொல்வார்கள். இரவில் தாங்க முடியாமல் போனால் 1926க்கு எடுங்கள், அது தேசிய மனநல உதவி இலக்கம்.

காணி விற்ற மனிதருக்கு மகன் தோற்றுவிட்டானே என்பதைவிட, மகனுக்கு என்ன நடந்தது என்று விளங்காததுதான் பெரிய வேதனையாக இருக்கும். வைத்தியரிடம் போகும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.