சூரைக் குழம்பு சாப்பிட்டதும் முகம் சிவந்தது: அலர்ஜியா, மீன் கோளாறா?

கேள்வி: ஞாயிறு காலை 11.30 மணிக்குத் தெருவில் வந்த மீன் வண்டியில் 2 கிலோ சூரை வாங்கினோம். வண்டிக்காரரே துண்டு போட்டு வைத்திருந்தார். கழுவி, மசாலா தடவி அடுக்களையிலேயே வைத்துவிட்டு, 2 மணிக்கு மேல் குழம்பும் வறுவலும் செய்தேன். சாப்பிட்ட அரை மணி நேரத்தில் கணவருக்கும் மாமியாருக்கும் முகம், கழுத்தெல்லாம் சிவந்து தலைவலி, படபடப்பு. மாமியாருக்கு வாந்தியும் வந்தது. அவர் மூன்று மாதமாக டி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். எனக்கும் பையனுக்கும் ஒன்றுமில்லை. மீனில் துளி நாற்றமும் இல்லை. இது அலர்ஜியா? இனி சூரை வாங்கவே கூடாதா? துண்டுகளும் மரக்கட்டை மாதிரி வறண்டுவிட்டன, ஏன்? மிச்சம் அரைக் கிலோ ஃப்ரீசரில் இருக்கிறது.
- வாசகி, திருநெல்வேலி

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது அலர்ஜி அல்ல. அலர்ஜி என்றால் ஒருவருக்கு, அந்த மீனைத் தொடும்போதெல்லாம் வரும். இத்தனை வருஷம் சூரை சாப்பிட்ட இரண்டு பேருக்கு, ஒரே சாப்பாட்டில், ஒரே நேரத்தில் முகம் சிவந்தால் கோளாறு மீனில் இருக்கிறது. அதற்கு ஹிஸ்டமின் நஞ்சு என்று பெயர்.

சூரையின் சதையில் ஹிஸ்டிடின் என்ற சத்து இயல்பாகவே நிறைய உண்டு. மீன் செத்தபின் குளிரில் இல்லாவிட்டால், செவுளிலும் குடலிலும் இருக்கும் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அலர்ஜி வந்தால் நம் உடம்பே சுரப்பதும் இதே பொருள்தான். அதனால்தான் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கின்றன. பெரும்பாலும் சில மணி நேரத்தில், மிஞ்சினால் ஒரு நாளில் தணிந்துவிடும். மூச்சு இரைத்தாலோ, தலைசுற்றி விழுந்தாலோ, உதடும் நாக்கும் வீங்கினாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

உங்களுக்கும் பையனுக்கும் வராததில் ஆச்சரியமில்லை. ஒரே மீனில் ஒரு துண்டில் அதிகமாகவும் அடுத்த துண்டில் குறைவாகவும் ஹிஸ்டமின் இருக்கும். செவுளையும் வயிற்றையும் ஒட்டிய பகுதியில் சீக்கிரம் ஏறும்.

இதில் பலரும் நம்ப மறுப்பது ஒன்று உண்டு. உண்டான ஹிஸ்டமின் கொதித்தாலும் போகாது, வறுத்தாலும் போகாது, ஃப்ரீசரில் உறைந்தாலும் போகாது. மஞ்சள், கல்லுப்பு, மோர், புளித்தண்ணீர், வினிகர் எதில் கழுவினாலும் போகாது. குடம்புளியும், இலங்கைச் சமையலில் போடும் கொறுக்காய்ப் புளியும் பாக்டீரியாவின் வேகத்தைக் குறைக்கும். ஆனால் ஏற்கெனவே சேர்ந்துவிட்டதை அவையும் எடுக்காது. வாசனையும் கைகொடுக்காது, நாற்றம் வருவதற்கு முன்பே ஹிஸ்டமின் ஏறியிருக்கலாம். நாக்கில் மிளகு கடித்த மாதிரி சுருக்கென்று எரிந்தால், வெந்த சதையில் தேன்கூடு போலப் பொடிப்பொடியாக ஓட்டைகள் தெரிந்தால், அந்தத் துண்டைத் துப்பிவிட வேண்டும். நம் குழம்பில் மிளகாய் போடும் அளவுக்கு அந்த எரிச்சலைப் பிரித்து அறிவது கஷ்டம்.

ஆகவே எல்லாமே குளிரில்தான் இருக்கிறது. நாம் கோபப்பட வேண்டிய இடமும் அதுதான். சூரை ஓயாமல் நீந்தும் மீன், உடல் சூட்டைத் தனக்குள் தேக்கி வைத்திருக்கும். தூண்டிலில் பிடித்து, உடனே ரத்தம் வடித்து, குடலும் செவுளும் எடுத்து ஐஸில் புதைத்தால் நன்றாக நிற்கும். செவுள் வலையில் மாட்டிச் செத்து, 28, 29 டிகிரி கடல் நீரில் சில மணி நேரம் கிடந்தால், படகில் ஏறும் முன்பே கெடுதல் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு ஏலக்கூடம், தரகர், மொத்த வியாபாரி, வண்டி. நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும். ஐஸுக்குக் காசு போகிறதே என்று ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் குறைப்பார்கள். கடைசியில் ஈரச் சாக்கை மேலே போட்டு, அவ்வப்போது தண்ணீர் தெளித்துத் தெருத்தெருவாக வருகிறது. தெளித்த தண்ணீர் பளபளப்பைத் தரும், குளிரைத் தராது. ஏற்றுமதிக்குப் போகும் பெட்டிக்கு ஹிஸ்டமின் பரிசோதனை நடக்கிறது. அதற்கான சர்வதேச உச்சவரம்பு கிலோவுக்கு 200 மில்லிகிராம். அதே கடலில் பிடித்து உங்கள் வாசலுக்கு வரும் மீனுக்கு வெப்பமானிகூட வைத்துப் பார்க்க ஆள் இல்லை. வெளிநாட்டார் வயிற்றுக்கு ஒரு நியாயம், நம் வயிற்றுக்கு ஒரு நியாயமா?

வெட்டி வைத்த சூரைத் துண்டை வாங்காதீர்கள். இந்தப் பதிலில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். துண்டாகிவிட்டால் கண் இல்லை, செவுள் இல்லை, வயிறு இல்லை. எதைப் பார்த்து எடை போடுவீர்கள்? காலையில் விற்காத மீன்தான் பெரும்பாலும் துண்டாகிறது. வெட்டிய கத்தியும் பலகையும் குடலில் இருந்த பாக்டீரியாவைச் சதை முழுக்கத் தேய்த்துவிடுகின்றன. நிறத்தைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். சூரைச் சதை காற்றுப்பட்டால் மெல்லப் பழுப்பாக வேண்டும். நாள் கணக்கில் தர்பூசணிச் சிவப்பாகவே இருக்கும் உறைந்த துண்டு, நிறம் மங்காமல் இருக்கக் கார்பன் மோனாக்சைடு வாயு காட்டியதாக இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் அதை அனுமதிப்பதில்லை.

முழு மீனாக, ஐஸுக்குள் புதைந்து கிடப்பதாகப் பார்த்து வாங்குங்கள். செவுள் மூடியைத் தூக்கினால் உள்ளே அடர் சிவப்பாக இருக்க வேண்டும், காப்பித்தூள் நிறம் கூடாது. புறங்கையை மீனின் வயிற்றில் வைத்தால் சில்லென்று உறைக்க வேண்டும். வெயிலில் நின்ற கை மாதிரி வெதுவெதுப்பாக இருந்தால் பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம். உங்கள் கண் முன்னால் வெட்டச் சொல்லி, ஒரு பாத்திரத்தில் ஐஸ் போட்டு எடுத்து வாருங்கள்.

இப்போது உங்கள் மாமியார். கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமான வரி. டி.பி. மாத்திரையில் ஐசோநியாசிட் என்ற மருந்து இருக்கிறது. உணவில் வரும் ஹிஸ்டமினை நம் உடம்பு இயல்பாக உடைத்துத் தள்ளிவிடும். அந்த உடைக்கும் வேலையை ஐசோநியாசிட் முடக்குகிறது. அதனால் மற்றவர்கள் தின்று ஏப்பம் விடும் மீன்கூட இவர்களைப் படுக்க வைத்துவிடும். இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. இலங்கையில் நெஞ்சக நோய் மருத்துவர் சி. ஜி. உரகொட, சூரை சாப்பிட்ட காசநோயாளிகளுக்கு வரும் இந்த எதிர்வினையை 1980-லேயே மருத்துவ இதழில் எழுதிவிட்டார். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. காசநோயாளிகளின் ஊட்டச்சத்துக்கு என்று அரசு 2018-ல் மாதம் 500 ரூபாய் தரத் தொடங்கி, 2024 நவம்பரில் அதை 1,000 ஆக்கியது. நல்ல காரியம். புரதம் சாப்பிடுங்கள், மீன் சாப்பிடுங்கள் என்றும் சொல்கிறார்கள். எந்த மீன் கூடாது என்ற ஒரு வரியை மாத்திரை அட்டையோடு தமிழில் கொடுக்க எவ்வளவு செலவாகும்?

அவர் மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. மீனைத்தான் நிறுத்த வேண்டும். சூரை, கேரை, வஞ்சிரம், அயிலை, சாளை, நெத்திலி, பாறை ஆகியவை மாத்திரை முடியும்வரை வேண்டாம். மாசிக் கருவாடும் சூரைதான். சம்பலில் ஒரு சிட்டிகைதானே என்று போட்டுவிடாதீர்கள். சங்கரா, கொடுவா, கெண்டை மாதிரி மீன்களை நல்ல ஐஸில் இருந்து வாங்கிக் கொடுக்கலாம். முட்டை, பருப்பு, கோழிக்குத் தடையில்லை. ஞாயிற்றுக்கிழமை நடந்ததை டி.பி. மையத்தில் சொல்லி அட்டையில் எழுதச் சொல்லுங்கள். ஊசி போட்டு அனுப்பும் டாக்டரிடமும் "டி.பி. மாத்திரை சாப்பிடுகிறார், சூரை சாப்பிட்டார்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீட்டில் வேறு யாருக்காவது டி.பி. தடுப்பு மாத்திரையாக ஐசோநியாசிட் கொடுத்திருந்தால் அவர்களுக்கும் இதே பத்தியம்தான்.

மற்றவர்களுக்குச் சூரை நல்ல மீன். உங்கள் அடுக்களையில் நடந்த தவறு, மசாலா தடவி இரண்டரை மணி நேரம் வெளியே வைத்தது. மசாலா தடவியதும் மூடி ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும், 4 டிகிரிக்குக் கீழே. உறைந்த மீனையும் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துத்தான் இளக்க வேண்டும், சிங்க்கில் போட்டு அல்ல.

வறட்சிக்குக் காரணம் நேரம். சூரையில் கொழுப்பு குறைவு. கூடுதலாக வெந்தால் நார் சுருங்கி நீரைப் பிழிந்துவிடும். முதுகெலும்பை ஒட்டிக் கத்தி போட்டால் மீன் நான்கு நீள வகிராகப் பிரியும். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஈரல் நிறத்தில் கறுஞ்சதை ஓடும். அதைச் சீவி எடுங்கள், ரத்தக் கவிச்சை வருவது அதிலிருந்துதான். மீதியை 3 சென்டிமீட்டர் கனத்தில், நாருக்குக் குறுக்கே வெட்டுங்கள்.

ஒரு கிலோவுக்குச் சின்ன வெங்காயம் 200 கிராம், தக்காளி 2, எலுமிச்சை அளவு புளி. மசாலாவும் புளியும் 12 முதல் 15 நிமிடம் கொதித்து எண்ணெய் மிதந்த பிறகுதான் துண்டுகள் இறங்க வேண்டும். அரைத்த தேங்காயும் அதற்கு முன்பே சேர்ந்திருக்க வேண்டும். மீன் போட்டதும் தீயைக் குறைத்து 5, 6 நிமிடம். கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்து ஒரு சுழற்று. அணைத்து, 10 நிமிடம் மூடி வையுங்கள். உள்ளிருக்கும் சூட்டிலேயே நடுப்பகுதி வெந்துவிடும். வறுவலுக்கு 2 சென்டிமீட்டர் துண்டு, நன்கு காய்ந்த கல், பக்கத்துக்கு இரண்டரை நிமிடம். எலும்பில்லாத சிறு துண்டுகள் மிஞ்சினால் மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து உதிர்த்துப் புட்டாக்குங்கள். தேங்காய்ப்பூவும் வெங்காயமும் அந்த வறட்சியை மறைத்துவிடும்.

மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்பது சரி. ஆனால் சூரைக் குழம்பு இரவு முழுக்க அடுப்பு மேடையில் இருக்கக் கூடாது. ஆறியதும், இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துக் காலையில் நன்றாகக் கொதிக்க வையுங்கள்.

ஃப்ரீசரில் இருக்கும் அரைக் கிலோவை யாரும் சாப்பிட வேண்டாம், பூனைக்கும் போடாதீர்கள். உடனே எறியவும் வேண்டாம். உறையில் கட்டி, தேதியும் வாங்கிய இடமும் எழுதி உறைந்தபடியே வைத்திருங்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் செய்யுங்கள். 2006 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட்டால், வாங்கியவரே கட்டணம் கட்டிப் பொருளைப் பகுப்பாய்வுக்குக் கொடுக்க முடியும். பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். "மீனா, அதெல்லாம் எடுப்பதில்லை" என்று வாய்வார்த்தையாகத் திருப்பி அனுப்பினால், மறுப்பை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள்.