கடைசிவரைக்கும் அவன் யாருன்னு சொல்லாம கதை எழுதலாமா?

"பேரு, முகம் எதுவும் தெரியாத ஹீரோவை வச்சு தொடர்கதை எழுதுறேன், கடைசில யாருன்னு சொல்லியே ஆகணுமா"ன்னு கேட்டிருக்கீங்க. சொல்லாதீங்க. யாரோ உங்களைப் பயமுறுத்தியிருக்காங்கன்னு நெனைக்கிறேன்.

ராணி காமிக்ஸ்ல மாயாவின்னு வந்தாரே, வேதாளர், இங்கிலீஷ்ல ஃபேன்டம், 1936ல லீ ஃபாக்னு ஒரு அமெரிக்க எழுத்தாளர் அவரை ஆரம்பிச்சப்போ ஜிம்மி வெல்ஸ்னு ஒரு பணக்காரப் பையன்தான் முகமூடிக்குள்ள இருக்கான்னு காட்டுறதா திட்டம், அப்புறம் அதை விட்டுட்டு அப்பன் புள்ளைன்னு 21 தலைமுறையா ஒரே முகமூடியை மாட்டுற வம்சமா மாத்திட்டாரு. பரம்பரைக் கதை மொத்தமும் நமக்குத் தெரியும், முகம் மட்டும் தெரியாது, கண்ணுல பாப்பா கூட வரைய மாட்டாங்க. ஸோரோன்னு இன்னொரு முகமூடி ஹீரோ, அவனுக்கு 1919ல வந்த முதல் கதையிலேயே முகமூடி கழண்டுருச்சு, அடுத்த வருஷம் அதை வச்சு எடுத்த படம் பிச்சுக்கிட்டுப் போனதும் அந்தக் கதையை எழுதினவரு மறுபடி எழுத உக்காந்தாரு, பின்னால வந்த கதைகள்ல அவன் யாருங்கறதை மறுபடி ரகசியமாக்கிட்டாரு.

எனக்கு நடந்தது இன்னும் ஆறல. எங்க ஊரு கடைமடை, வாய்க்கால் தண்ணி கடைசியா வந்து சேர்ற இடம். மேல்மடைக்காரங்க அடைச்ச மதகை ராத்திரியில யாரோ ஒருத்தன் திறந்து விட்டுட்டுப் போவான், தலையில துண்டு, பேரு கிடையாது, இதான் கதை. ஒரு சிற்றிதழ்ல ஆறு பாகம் வந்துச்சு. டீக்கடையில சத்தமாப் படிப்பாங்க. மதகைத் திறந்து மூடுற வேலை பாக்குற லஸ்கர் அண்ணன் ஒருநாள் என்னைத் தனியாக் கூப்ட்டு "தம்பி, அது நாந்தானே"ன்னாரு. கீழத்தெரு அக்கா ஒருத்தங்க "அது ஆம்பளைதான்னு உனக்கெப்படிடா தெரியும்"னு கேட்டாங்க, நான் ஆடிப்போயிட்டேன். கடைசி பாகத்துல ஆசிரியர் என்னைக் கேக்காமலே நாலு வரி சேத்து, அவன் வெளிநாட்ல படிச்சுட்டு வந்த மிராசுதார் மகன்னு முடிச்சுட்டாரு. அண்ணன் அதுக்கப்புறம் அந்தக் கதையைப் பத்திப் பேசவே இல்ல.

துப்பறியும் கதைக்கு இது ஒத்துவராது, அங்க கொலைகாரன் யாருன்னு சொல்லித்தான் ஆகணும், அதுக்காக யாரும் சண்டைக்கு வராதீங்க. எழுதுற உங்களுக்கு மட்டும் அவன் யாருன்னு தெரிஞ்சிருக்கணும், இல்லன்னா அவன் நடக்குறது, பயப்படுறது எதுவும் ஒட்டாது. எனக்குத் தெரியும், இன்னும் யார்கிட்டயும் சொல்லல.

இன்னொண்ணு, கேள்விக்குச் சம்பந்தமில்லதான், பத்திரிகை நடத்துறவங்க சன்மானம் தராட்டியும் பரவால்ல, எழுதினவனுக்கு ஒரு பிரதியாவது அனுப்புங்க. அந்த நாலு வரியை நான் காசு குடுத்து வாங்கித்தான் படிச்சேன்.