கிறிஸ்மஸ் பிரண்டுக்குக் குரோஷாப் பரிசு: எந்த நூல், என்ன பின்னலாம்?

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு ஆசிரியை கேட்டிருக்கிறார்: "அக்கா, பள்ளியில் கிறிஸ்மஸ் பிரண்டு, அதாவது யார் யாருக்குப் பரிசு கொடுப்பது என்று சீட்டு எடுத்ததில் எனக்குத் தலைமை ஆசிரியர் பெயர் வந்துவிட்டது. பரிசு 300 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கொக்கி ஊசியால் பின்னும் குரோஷாவில் செயின், சிங்கிள், டபுள் என்ற அடிப்படைத் தையல்கள் போடுவேன். வூல் வாங்கி அவருக்கு ஒரு மஃப்ளர் பின்னட்டுமா? கையால் செய்ததைக் கொடுத்தால் காசு மிச்சம் பிடித்த மாதிரி தெரியுமா? அரையாண்டுத் தேர்வுத் தாள் திருத்தும் வேலை வேறு இருக்கிறது."

மஃப்ளர் வேண்டாம், தங்கச்சி. காலையில் நடக்கப் போகும்போது காதை மூடி மஃப்ளர் கட்டுகிறவர்கள் நம் ஊரிலும் உண்டு, ஆனால் உங்கள் சார் கட்டுகிறவரா என்று உறுதியாகத் தெரியாமல் அதில் இறங்காதீர்கள். குமரி மாவட்டத்து டிசம்பரில் மழை முழுசாக விட்டிருக்காது, காற்றில் ஈரம் இருக்கும், மத்தியானம் ஃபேன் இல்லாமல் ஸ்டாஃப் ரூமில் உட்கார முடியாது. அதோடு, ஒரு மஃப்ளருக்கு ஆகும் நேரத்தில் சின்னப் பொருள் மூன்று நான்கு முடித்துவிடலாம். தாள் திருத்துகிற உங்களுக்கு நேரம்தான் முக்கியம்.

இப்போது நூல். ஃபேன்சி ஸ்டோரில் வூல் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை நூல். லூதியானா மில்களிலிருந்து வருகிறது, விலை குறைவு, கலர் நிறைய, பழகுவதற்கு நல்லது, சாயமும் பொதுவாகப் போகாது. ஆனால் அது வேர்வையை உறிஞ்சாது, இஸ்திரிப் பெட்டி பட்டால் தட்டையாகி உயிரே போய்விடும். சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டு நூலை இடுக்கியால் பிடித்து, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, கொளுத்திப் பாருங்கள். உருகிக் கறுப்பு மணி மாதிரி இறுகினால் அக்ரிலிக், முடி கருகும் வாடை வந்து சாம்பல் நொறுங்கினால் நிஜக் கம்பளி, காகிதம் எரியும் வாடையும் மெல்லிய சாம்பலும் வந்தால் பருத்தி. உங்களுக்கு வேண்டியது பருத்தி. அதிலும் மெர்சரைஸ்டு காட்டன் என்று கேட்டு வாங்குங்கள். காஸ்டிக் சோடாவில் பதப்படுத்திய நூல் அது, பளபளப்பும் உறுதியும் கூடியிருக்கும், சாயமும் நன்றாக ஏறும். ரொம்ப மெல்லியது வேண்டாம், 3.5 மில்லிமீட்டர் ஊசிக்குச் சரியாக வரும் தடிமன் போதும்.

கிறிஸ்மஸ் என்றதும் கை சிவப்புக்கும் வெள்ளைக்கும் போகும். அங்கே கவனம். அடர் சிவப்புப் பருத்தி நூலில் ஒட்டாத சாயம் மிச்சம் இருக்கும், முதல் நனைப்பில் வெள்ளை ரோஸ் ஆகிவிடும், சாருடைய வெள்ளைச் சட்டையில் பட்டால் அதைவிட மோசம். ஒரு முழ நூலை நனைத்து, வெள்ளைக் கைக்குட்டைக்குள் மடித்து, மேலே சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்துங்கள். கறை வந்தால் அந்தச் சிவப்பை வெள்ளையோடு சேர்க்காதீர்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள், அதை நம்பி இறங்க வேண்டாம். கருநீலமோ சாம்பல் நிறமோ தலைமை ஆசிரியர் வயதில் இருப்பவருக்கு எடுப்பாகவே இருக்கும், ஓரத்தில் மட்டும் ஒரு வரிசை கலர் கொடுத்தால் போதும். ஆனால் கருநீலத்தையும் இதே மாதிரி சோதித்துவிட்டே எடுங்கள்.

என்ன பின்னலாம் என்றால், நான் சொல்வது கண்ணாடி உறை. ரிட்டயர்மென்ட் வயதை நெருங்குகிறவர் படிக்கிற கண்ணாடியை மேஜை மேல் அப்படியே வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருப்பார், தினமும் கைக்கு வரும் பொருள் அது. உறை 9 சென்டிமீட்டர் அகலம், 18 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் சாதாரணக் கண்ணாடி தாராளமாக உள்ளே போகும். முதலில் சிங்கிள் குரோஷாவில் ஒரு சதுரத் துண்டு பின்னி, நனைத்துக் காயவைத்து, அப்புறம் அளந்து பாருங்கள். 10 சென்டிமீட்டருக்கு 19 தையல் வந்தால் உங்கள் அகலத்துக்கு 17 வேண்டும். 18 செயின் போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது செயினில் தொடங்கி ஒரு பக்கம் முழுக்கச் சிங்கிள், கடைசிச் செயினில் மட்டும் ஒரு தையல் கூடுதல், அப்படியே திரும்பிச் செயினின் அடிப்பக்கத்தில் அதே மாதிரி வந்தால் அடி மூடிய பையாகத் தொடங்கிவிடும். அதற்கு மேல் கூட்டாமல் குறைக்காமல் சுற்றிக்கொண்டே போக வேண்டியதுதான். தொடங்குமிடத்தில் வேறு கலர் நூல் ஒரு துண்டைக் குறியாகப் போட்டுவையுங்கள், இல்லாவிட்டால் எண்ணிக்கை தவறிப் பை ஒரு பக்கம் அகலமாகும். கை இறுக்கமாகவே இருக்கட்டும். பருத்திக்கு இழுத்தால் திரும்பிச் சுருங்கும் குணம் குறைவு, தளர்த்திப் பின்னினால் ஒரு மாதத்தில் வாய் பிளந்துவிடும். உள்ளே பழைய மெல்லிய பருத்தி வேட்டித் துணியில் லைனிங் கொடுங்கள், கண்ணாடியின் காதுக் கம்பி தையல் ஓட்டையில் மாட்டாது.

காசு மிச்சம் பிடித்த மாதிரி தெரியுமா என்ற கேள்வியைத்தான் நீங்கள் அதிகம் யோசித்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கையால் செய்த பொருள் மலிவாகத் தெரிவது நூலால் அல்ல, முடிப்பு வேலை சரியில்லாததால். நம் மாவட்டத்தில் அது இன்னும் கூடுதல் உண்மை. 1820களில் மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் நாகர்கோவில் மிஷன் பள்ளிப் பெண்களுக்கு லேஸ் கற்றுக்கொடுத்த காலத்திலிருந்து இங்கே பெண்களுக்கு நூல் வேலை பழக்கம். அது குரோஷா இல்லை, தலையணை மேல் குச்சிகளை மாற்றி மாற்றிப் பின்னுவது. ஆனால் நல்ல வேலை எது என்று பார்க்கிற கண் அப்படித்தான் வந்தது. சாருடைய வீட்டம்மா உறையைக் கையில் வாங்கியதும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் நூல் முனையை முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டாதீர்கள், முடிச்சு ஒரு நாள் அவிழும். 15 சென்டிமீட்டர் விட்டு வெட்டி, மொட்டை முனை உள்ள பெரிய கண் ஊசியில் கோத்து, தையல்களுக்கு அடியில் ஒரு பக்கமாக ஐந்தாறு தையல் ஓட்டி, ஒரு இழையைத் தாண்டி எதிர்ப்பக்கமாகத் திரும்ப ஓட்டி, துணியை நன்றாக இழுத்துவிட்ட பிறகு வெட்டுங்கள். இந்த வேலையெல்லாம் லைனிங் வைப்பதற்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். அப்புறம் நனைத்து, துவாலையில் சுருட்டித் தண்ணீரை அழுத்தி எடுத்து, அளவுக்கு இழுத்துத் துருப்பிடிக்காத குண்டூசி குத்தி, ஃபேனுக்கு அடியில் ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள். ஈரம் லேசாக இருக்கும்போதே ஜிகினாப் பேப்பரில் சுற்றினால் நம் ஊர்க் காற்றுக்குப் பூஞ்சை பிடித்துவிடும்.

உறையை மட்டும் கொடுக்கக் கூச்சமாக இருந்தால் மிச்ச பட்ஜெட்டில் ஒரு சின்ன மார்த்தாண்டம் தேன் பாட்டில் வாங்கி, கழுத்தில் குரோஷா நட்சத்திரம் ஒன்று கட்டித் தொங்கவிடுங்கள். நட்சத்திரம் விறைப்பாக நிற்கக் கஞ்சியில் முக்குவது பழைய வழக்கம், ஆனால் பூச்சி அரிக்கும். ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து முக்கி, பிளாஸ்டிக் தாள் மேல் குண்டூசி குத்திக் காயவிட்டால் வருஷக்கணக்கில் நிற்கும், அடுத்த வருஷம் அவர் குடிலிலும் தொங்கவிடலாம்.

தாள் திருத்தவே பொழுது போய்விட்டது, பரிசு கொடுக்க இரண்டு நாள்தான் இருக்கிறது என்றால் உறையை விட்டுவிடுங்கள். அதே நூலில் டம்ளர் வைக்கிற வட்ட கோஸ்டர் நான்கு போட்டுவிடலாம்: ஆறு சிங்கிளில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் ஆறு தையல் கூட்டி, 10 சென்டிமீட்டர் விட்டம் வந்ததும் நிறுத்துங்கள். ஓரம் அலையடித்தால் கூட்டியது அதிகம், கிண்ணம் மாதிரி குழிந்தால் குறைவு, ஒரு சுற்றைப் பிரித்துச் சரி பண்ணலாம். இதை அக்ரிலிக்கில் போடாதீர்கள். சூடான சில்வர் டம்ளர் தினமும் உட்காருகிற இடம், டம்ளரில் வழியும் காப்பியையும் பருத்திதான் உறிஞ்சும்.